சோழவரம் புறப்படும் முன்

தம்பி,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. இன்றைக்குச் செவ்வாய். இதற்குள் ஆறு தாள் எழுதிக் கிழித்துப் போட்டுவிட்டேன். ஒவ்வொரு தடவையும் வழக்கப்படி ‘இவ்விடம் யாவரும் சுகம்’ என்று ஆரம்பிப்பேன். அதற்குமேல் கை ஓடாது. ஏனென்றால் இவ்விடம் யாவரும் சுகமாக இல்லை. உன் அம்மா என்னோடு பேசி இரண்டு நாள் ஆகிறது. சோறு போடுகிறாள், தண்ணீர் வைக்கிறாள், வாய் மட்டும் திறப்பதில்லை. காரணம் இந்தக் கடிதம் முடிவதற்குள் உனக்குத் தெரிந்துவிடும். நான் என் போக்கில் சுற்றி வளைத்துத்தான் எழுதுவேன், அது உனக்குத் தெரிந்ததுதான். நடுவில் தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்து போய்விடாதே. கடைசிவரை படி.

நீ எழுதியிருந்தது இரண்டு தாள். முதல் தாளைப் படித்ததும் எனக்கு இருபது வயசு குறைந்துவிட்டது. யுத்தத்துக்காக விமானம் இறங்கப் போட்ட சோழவரம் ஓடுதளத்தில் இப்போது கார்ப் பந்தயம் நடக்கிறது என்று நானும் பேப்பரில் படிக்கிறவன்தான். அங்கே சொந்தக் கார் வைத்திருப்பவர்களும் பேர் கொடுத்து ஓட்டலாம், நம் கறுப்புக் காரைக் கொண்டுபோக நான் சம்மதிப்பேனா என்று கேட்டிருந்தாய். ஏழு வருஷமாக ஸ்டியரிங்கையே தொடாதவன், பெங்களூரிலிருந்து ஊருக்கு பஸ்ஸிலேயே வந்து பஸ்ஸிலேயே போகிறவன், எடுத்த எடுப்பில் சோழவரத்துக்குப் போகிறேன் என்கிறானே என்று சிரித்துக்கொண்டேன். இரண்டாம் தாளைப் பிரிக்கக்கூட இல்லை. நேரே கொட்டகைக்குப் போய், காரின் மேல் போட்டிருந்த சாக்குகளை உருவினேன். கண்ணில் புரை விழுந்த பிறகு நானும் அதை வெளியே எடுப்பதில்லை அல்லவா, பின்சீட்டில் ஒரு கோழி குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. அதை விரட்டிவிட்டு, முட்டையைக் கையில் வைத்துக்கொண்டே முன்சீட்டில் உட்கார்ந்து, சோழவரத்துக்கு எப்படிப் போவது என்று திட்டம் போட ஆரம்பித்துவிட்டேன்.

அந்தத் திட்டத்தை வீணாக்குவானேன், எழுதிவிடுகிறேன். நம் ஊரிலிருந்து மெட்ராஸுக்கு இரண்டு வழி இருக்கிறது. சிங்காரப்பேட்டை, செங்கம், திருவண்ணாமலை, திண்டிவனம் என்று போவது ஒன்று. போகிற வழியில் சாமி கும்பிட்டதுமாகும் என்று உன் அம்மா அதைத்தான் சொல்வாள். ஆனால் சிங்காரப்பேட்டை தாண்டிக் காட்டுக்குள் டயர் பஞ்சரானால் குரங்குதான் வந்து விசாரிக்கும். அதனால் ஊத்தங்கரையிலிருந்து திருப்பத்தூர் போய், வாணியம்பாடியில் பெரிய ரோட்டைப் பிடி. ஆம்பூர், வேலூர், ராணிப்பேட்டை, ஸ்ரீபெரும்புதூர் என்று ரோடு உன்னைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகும். விடியற்காலையில் கிளம்பு. வெயில் ஏறினால் அந்தக் கார் தண்ணீர் குடிக்கிற மாதிரி நம் எருமைகூடக் குடிக்காது. இரண்டு டின் தண்ணீர் பின்னால் இருக்கட்டும். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்காதே. ஆம்பூரில் சாப்பிட்டால் தூக்கம் வரும், வெட்கப்படாமல் ஒரு புளியமரத்தடியில் நிறுத்திவிட்டுத் தூங்கு. மெட்ராஸ் ஊருக்குள் நுழையாமல் விசாரித்துக்கொண்டு செங்குன்றம் ஏரிப் பக்கமாக வடக்கே போ. ஏரியைத் தாண்டினால் சோழவரம் கிட்டத்தில்தான். இவ்வளவையும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டு, அந்தச் சந்தோஷத்தோடுதான் இரண்டாம் தாளைப் பிரித்தேன்.

அதில் நீ எழுதியிருந்தது எனக்கு இப்போது மனப்பாடம். ‘அப்பா, எனக்குப் பரிசெல்லாம் வேண்டாம். தை மாசம் கல்யாணம் வைத்திருக்கிறீர்கள். ஒரு பெண்ணைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்ட எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்று அதற்குமுன் எனக்குத் தெரிய வேண்டும். பந்தயத்துக்கு முந்தின நாள் தனியாக ஓட்டிப் பார்க்க விடுகிறார்களாம். அங்கே எதிரில் வண்டி வராது, மாடு வராது, ஆள் வரமாட்டான். முழு வேகத்தில் போய் ஒரே மிதி மிதித்துப் பார்க்கிறேன். என் கால் மிதிக்கிறதா இல்லையா என்று அன்றைக்குத் தெரிந்துவிடும். மிதிக்காவிட்டால் போகிறது, என்னோடு போகட்டும்.’

‘என்னோடு போகட்டும்’ என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்தபோது கையிலிருந்த முட்டை உடைந்து வேட்டியெல்லாம் வழிந்தது. நம் கார் ஏறி முனியப்பன் கால் போன நாளை நீ மறந்திருக்கமாட்டாய் என்று எனக்குத் தெரியும். ஆனால் அதை ஏழு வருஷமாக இப்படி உள்ளுக்குள் வைத்து அரைத்துக்கொண்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பதும் சரியில்லை. தெரிந்துகொள்ளாமல் பார்த்துக்கொண்டேன். அன்றைக்கு நடந்ததில் உனக்குத் தெரியாத சங்கதி ஒன்று இருக்கிறது. அது எனக்குத் தெரியும். இன்னும் ஒரே ஒருவனுக்குத்தான் தெரியும் என்று இத்தனை வருஷமாக நினைத்திருந்தேன்.

முதலில் என்னுடைய அந்தக் கிறுக்குப் பழக்கத்தைச் சொல்லவேண்டும். ஓசூர் மேட்டிலே இருக்கிறது, கிருஷ்ணகிரி பள்ளத்திலே இருக்கிறது. நடுவில் சூளகிரி தாண்டினால் மேலுமலை இறக்கம். யுத்த காலத்தில் பெட்ரோலுக்குக் கூப்பன் வைத்தார்களே, அப்போது இந்தப் பக்கம் கார் வைத்திருந்தவர்கள் எல்லோரும் ஒரு வித்தை கற்றுக்கொண்டோம். இறக்கத்தின் தலைப்பில் எஞ்சினை அணைத்துவிட்டு, கியரை நூட்ரலில் போட்டுவிட்டால், கார் தானாகவே உருண்டு போகும். சொட்டு எண்ணெய் செலவில்லை. யுத்தம் முடிந்தது, கூப்பனும் போனது, எங்கள் வித்தை மட்டும் போகவில்லை. சந்தையில் பார்த்துக்கொண்டால், ‘நீ எதுவரைக்கும் உருண்ட?’ என்பதுதான் எங்களுக்குள் முதல் பேச்சு. நான் ஒருதரம் குருபரப்பள்ளி கண்ணில் படுகிறவரை உருண்டு வந்தேன். அதைப் பத்து வருஷம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சம்பந்தி வீட்டிலேகூட, பெண் பார்க்கப் போன இடத்திலே, அதைச் சொல்ல வாயெடுத்தேன். உன் அம்மா காலை மிதித்தாள்.

அன்றைக்கு நாம் பெங்களூரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். நீ, நான், பின்னால் முனியப்பன். ஏற்றத்தில் கார் நின்றுபோனால் சக்கரத்துக்குக் கட்டை போட அவன் எப்போதும் கூட வருவான். ஓசூர் வரும்போதே பிரேக் சரியில்லை என்று எனக்குத் தோன்றியது, பட்டறையில் நிறுத்தினேன். உன்னை அம்மா சொன்ன கொத்தமல்லிக் கட்டு வாங்கச் சந்தைப் பக்கம் அனுப்பினேன், நினைவிருக்கிறதா? நீ போன பிறகு மேஸ்திரி சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தான். உள்ளே பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான்.

“லைனிங் சுத்தமா தேஞ்சுபோச்சு கவுண்ட்ரே. இரும்பு மேல இரும்பு உரசுது. பெங்களூர்ல இருந்து சாமான் நாளைக்கி வந்துரும். ராத்திரி இங்கயே தங்குங்க.”

“நாளைக்கு எங்க ஊர்ல மாரியம்மனுக்குக் கூழு ஊத்தறாங்கொ. நான் இல்லாம எப்பிடி?”

“அப்ப கியர்லயே இறக்குங்க. நிதானவாகி ஹோகி.”

மெதுவாகப் போங்கள் என்று அவன் கன்னடத்திலும் ஒருதரம் சொன்னான். “மேலுமலைய நான் கண்ணக் கட்டிக்கினு எறங்குவன், போய்யா” என்று சொல்லிவிட்டுச் சக்கரத்தை மாட்டச் சொன்னேன். கூழ் ஊற்றுகிற அன்றைக்கு முதல் மரியாதை எனக்கு. நான் இல்லாவிட்டால் அதைப் பங்காளி வாங்கிக்கொள்வான். தேங்காய் மூடிக்கும் ஒரு மாலைக்கும் ஆசைப்பட்டுத்தான், தம்பி, அந்தக் காரை நான் அந்த நிலையில் கிளப்பினேன். நீ கொத்தமல்லிக் கட்டோடு வந்தாய். “பிரேக் சரியாய்டிச்சாப்பா?” என்று கேட்டாய். “ம்” என்றேன்.

இதுவாவது போகட்டும். சூளகிரியில் டீ குடித்தோம். அங்கே நாலு தெரிந்தவர்கள் நின்றிருந்தார்கள், “பையன் வண்டி ஓட்டக் கத்துக்கினானா?” என்று ஒருவர் கேட்டார். எனக்கு உடனே மீசை துடித்துவிட்டது. உன்னை ஓட்ட உட்காரவைத்தேன். பிரேக் இல்லை என்று தெரிந்த காரில், பெற்ற பிள்ளையை. இறக்கத்தின் தலைப்புக்கு வந்ததும், “கியர்லயே எறக்கட்டுமாப்பா?” என்று நீ கேட்டாய். புத்தியுள்ள கேள்வி. மேஸ்திரி சொன்னதும் அதுதான். “எண்ண என்ன உங்க தாத்தன் ஊத்தினானா? நூட்ரல்ல போட்றா” என்று சொல்லி, நானே கையை நீட்டி சுவிட்சைத் தட்டி அணைத்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று ஏழு வருஷமாக என்னை நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன். எத்தனையோ தடவை உருண்டு வந்திருக்கிறோம், ஒன்றும் ஆனதில்லையே என்ற திமிர்தான். வேறு காரணம் அகப்படவில்லை.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். ஆனால் நீ ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாய், நான் உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால் நான் பார்த்ததைச் சொல்கிறேன், கேள். இரண்டாவது வளைவில் வேகம் ஏறியது. நீ மிதித்தாய். முதல் மிதியிலேயே முழுக்க மிதித்தாய். பெடல் பலகையில் போய் ஒட்டிக்கொண்டது. உன் முழங்கால் நேராக நின்றது, தொடை நடுங்கியது, சீட்டிலிருந்து எழுந்து நின்றே மிதித்தாய். நான் கைப்பிரேக்கை இழுத்தேன், அது சும்மா மேலே வந்தது. நீ கியரில் போடப் பார்த்தாய், அந்த வேகத்தில் அது கடகடவென்று கத்தியதே தவிர விழவில்லை. முன்னால் கிருஷ்ணகிரிச் சந்தைக்குப் போய்த் திரும்பிய மூன்று மாட்டுவண்டிகள் ரோட்டை அடைத்துக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தன. மூன்றிலும் பெண்டு பிள்ளைகள். நான் ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டேன். நீ மூடவில்லை. காரை மலைப் பக்கம் திருப்பினாய். அதற்குள் முனியப்பன் கட்டையோடு ஃபுட்போர்டில் இறங்கி நின்றிருந்தான். குதித்து, முன்சக்கரத்துக்கு எதிரே கட்டையைப் போட்டான். சக்கரம் கட்டையின்மேல் ஏறி, அவன் பாதத்தின்மேலும் ஏறி, அப்புறம்தான் கார் மண்மேட்டில் மோதி நின்றது. வண்டிகளில் இருந்த ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. அது உன்னால். முனியப்பன் கால் போனது என்னால்.

கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் ‘யார் ஓட்டினது?’ என்று கேட்டார்கள். “பையன்தான் ஓட்டினான்” என்றேன். பொய்யில்லை பார், நீதான் ஓட்டினாய். அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் நான் ஏழு வருஷம் ஒளிந்துகொண்டிருக்கிறேன். மணிக்கட்டில் கட்டுப் போட்டுக்கொண்டு நீ வராந்தாவில் உட்கார்ந்திருந்தாய். நான் பக்கத்தில் வந்ததும் நிமிர்ந்து பார்த்து, “நான் பிரேக்க மிதிக்கலையாப்பா?” என்று கேட்டாய். ஒரே வார்த்தை சொல்லியிருக்கலாம். பக்கத்தில் ஊரிலிருந்து வந்த நாலு பேர் நின்றிருந்தார்கள். “பயத்துல உன் காலு எங்க இருந்துச்சோ, யாரு கண்டா?” என்றேன். உன் முகம் அப்போது போன போக்கைப் பார்த்தேன். பார்த்துவிட்டு டீ வாங்கப் போனேன்.

அதோடு விட்டேனா? இல்லை. நீ ஆஸ்பத்திரியில் முனியப்பன் பக்கத்திலேயே இருந்த அந்த எட்டு நாளில் காரை ரிப்பேருக்குக் கொடுத்தேன். ஓசூருக்கு அனுப்பினால் மேஸ்திரி வாய் திறப்பான் என்று, கிருஷ்ணகிரியிலேயே வேறு ஆளிடம் கொடுத்து, நசுங்கிய மட்கார்டைத் தட்டி எடுத்து, பிரேக்குக்கும் புது லைனிங் போட்டு வாங்கினேன். நீ வீட்டுக்கு வந்த மறுநாள், யாரிடமும் சொல்லாமல், கட்டுப் போட்ட கையோடு காரைக் கொட்டகையிலிருந்து களம்வரைக்கும் எடுத்துப் போய் மிதித்துப் பார்த்தாய். நச்சென்று நின்றது. மறுபடி எடுத்தாய், மறுபடி மிதித்தாய், மறுபடி நின்றது. பிரேக் நன்றாகத்தான் இருக்கிறது, அப்படியானால் குற்றம் என் காலில்தான் என்று நீ அங்கே முடிவு செய்துகொண்டாய். கதவைச் சாத்திவிட்டு இறங்கி வந்தாயே, அதற்குப் பிறகு இன்றுவரை நீ அந்தக் காரைத் தொடவில்லை. நான் உள் அறை ஜன்னலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றேன். தம்பி, மேலுமலையில் செய்தது திமிரால் செய்தது. ஜன்னலில் நின்றுகொண்டு சும்மா இருந்தேனே, அது துரோகம். அதற்கு வேறு பேர் வைக்க எனக்குத் தெரியவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். முதலில் கேஸ் வந்துவிடுமோ என்று பயம். அந்தப் பயம் ஆறு மாசத்தில் போனது. பிறகு மானம். முனியப்பனுக்கு மாந்தோப்புக் காவல் வேலை கொடுத்தேன், கட்டைக்கால் செய்து கொடுத்தேன். மகன் செய்ததற்கு அப்பன் தர்மம் செய்கிறான் என்று ஊர் சொன்னது. அதையும் காதில் வாங்கிக்கொண்டு வெற்றிலை போட்டுக்கொண்டேன். அப்புறம் இன்னொன்றும் உண்டு, எழுதக் கூசுகிறது. அந்த விபத்துக்குப் பிறகு நீ என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குமுன் நீ எப்படி இருந்தாய்! எதற்கெடுத்தாலும் ஏன், எதற்கு என்று கேட்பவன். அப்புறம் நான் சொன்னதைப் படித்தாய், சொன்ன வேலைக்குப் போனாய், சொன்ன பெண்ணுக்குத் தலையாட்டினாய். ‘தங்கமான பிள்ளை’ என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அது சௌகரியமாக இருந்தது. இப்போது கேட்கிறேன், கொஞ்சம் தாமதம்தான்: அந்தப் பெண்ணை உனக்குப் பிடித்திருக்கிறதா? பிடித்திருந்தால் நல்லது. இல்லையென்றால் அதையும் எழுது. சம்பந்தி வீட்டுக்கு நான் போய்ப் பேசுகிறேன், வாங்கவேண்டிய பேச்சை நானே வாங்கிக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை உன் அம்மாவிடம் சொன்னேன். அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். முழுக்கக் கேட்டாள். அழவில்லை, திட்டவில்லை. முறத்தைக் கீழே வைத்துவிட்டு, “இத்தன நாளு எம்புள்ள வூட்டுக்கு வந்தா தலையக் குனிஞ்சிக்கினே சோறு தின்னானே, அதுக்கு இதுவா காரணம்?” என்றாள். “எங்கிட்ட சொல்லி என்ன ஆவப்போவுது? அவங்கிட்ட சொல்லுங்க. மொதல்ல முனியப்பங்கிட்ட போயி சொல்லுங்க” என்றாள். அதுதான் அவள் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு.

நேற்றுக் காலை போனேன். முனியப்பன் வீட்டு வாசலை நான் இந்த அறுபத்திரண்டு வயசில் ஒருநாளும் மிதித்ததில்லை; வேண்டுமென்றால் ஆள் விட்டுக் கூப்பிடுவேன், அவன் வருவான். ஏரிக்கரை தாண்டி வீடு எது என்று விசாரித்துக்கொண்டு போனேன். புளி தட்டிக்கொண்டிருந்தவன் என்னைப் பார்த்ததும் கட்டைக்காலை ஊன்றி எழுந்தான். உட்கார் என்றேன், உட்காரவில்லை. நான் அங்கிருந்த துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்த பிறகுதான் அவனும் உட்கார்ந்தான். பட்டறையில் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன்.

“தெரியும் கவுண்டரே” என்றான். “மேஸ்திரி சொல்லும்போது நானுந்தான பக்கத்துல நின்னுக்கினு இருந்தன்.”

“தெரிஞ்சும் ஏன்டா வண்டியில ஏறின?”

“நீங்க ஏறச் சொன்னீங்க.”

“இத்தன வருசமா ஏன் யாருகிட்டயும் சொல்லல?” என்று கேட்டேன்.

“யாருகிட்ட சொல்றது? சொல்லணும்னா உங்ககிட்டதான் சொல்லணும். உங்களுக்குத்தான் தெரியுமே.” புளியங்கொட்டையை ஒருபுறம் ஒதுக்கினான். “சின்னவருகிட்ட சொல்லிடலாம்னு நாலஞ்சு வாட்டி வாய் வரைக்கும் வந்துச்சு. ஊருக்கு வந்தா மொதல்ல இங்கதான் வருவாரு. வந்து என் காலப் பாத்துட்டுப் பேசாம உக்காந்திருப்பாரு. பாக்க முடியாது. ஆனா அப்பனப் பத்திப் புள்ளகிட்ட நான் எப்பிடிச் சொல்றது? நீங்களே சொல்லுவீங்கனு பாத்துக்கினு இருந்தன்.”

உன் கடிதத்தை அவனுக்குப் படித்துக் காட்டினேன். ‘என்னோடு போகட்டும்’ என்ற இடம் வந்ததும் “நிறுத்துங்க” என்றான். இந்த ஏழு வருஷத்தில் அவன் என்மேல் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை, நேற்றுப் பார்த்தேன். குரல் ஏறவில்லை, கையிலிருந்த புளியைத் தரையில் எறிந்தான்.

“அவரு மிதிச்சாரு. ஃபுட்போர்டுல நின்னவனுக்குத் தெரியாதா? ஜன்னலு வழியா பாத்தன், எழுந்து நின்னு மிதிச்சாரு. மிதிச்சும் நிக்கலன்னு பாத்துட்டுத்தான் நான் குதிச்சன்” என்றான். பிறகு, “அவரு போவட்டும் கவுண்டரே. நானும் போறன். பக்கத்துல உக்காந்துக்கறன். நான் உக்காந்திருந்தா அவருக்குத் தெரியும்” என்றான்.

“நானும் வரன், மூணு பேருமா போலாம்” என்றேன்.

“நீங்க வேணாம்” என்றான். “நீங்க வண்டியில இருந்தா அவரு உங்க மூஞ்சியத்தான் பாப்பாரு. ரோட்டப் பாக்கமாட்டாரு.”

உள்ளதைச் சொல்கிறேன், முதலில் எனக்குச் சுருக்கென்று கோபம்தான் வந்தது. நம் தோப்பில் வேலை செய்கிறவன், என் காரில் என்னை வராதே என்கிறானே என்று. புத்தி எங்கே போகும்! ஆனால் அவன் வாசலில் அந்தக் கல்லின்மேல் உட்கார்ந்து யோசித்தபோது, அவன் சொன்னதில் ஒரு எழுத்துக்கூட என்னால் மாற்ற முடியவில்லை. சோழவரம் ரோடு எவ்வளவு அகலம், கார்கள் எவ்வளவு வேகம் போகும், ஜனம் எங்கே நின்று பார்க்கும் என்று முதல் தாளைப் படித்ததிலிருந்து கற்பனை செய்துகொண்டிருந்தேன். பார்க்க எனக்கு அவ்வளவு ஆசை, தம்பி. கண்ணும் போய்க்கொண்டிருக்கிறது. சரி முனியப்பா என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

இனி நீ செய்யவேண்டியது. இப்போது காரில் இருக்கிற லைனிங் அன்றைக்குக் கள்ளத்தனமாகப் போட்டது; ஏழு வருஷப் பழசு. அதை நம்பி ஒரு பர்லாங்குகூடப் போகாதே. ஓசூரில் அதே மேஸ்திரி இருக்கிறான். இந்த வாரமே இங்கே வந்து நாலு சக்கரத்துக்கும் புதுசு போடச் சொல்லி அவனுக்குக் கடிதம் எழுதிவிட்டேன். ஏன் என்றும் எழுதிவிட்டேன். டயர் இரண்டு மாற்றவேண்டும். போகிற வழியில் எந்த இறக்கமானாலும் கியரிலேயே இறங்கு, எவன் சிரித்தாலும் சரி. சோழவரத்தில் முதல் சுற்று மெதுவாகப் போ. இது புத்திமதி, எடுத்துக்கொள்வதும் விடுவதும் உன் பாடு. புத்தி சொல்ல எனக்கு இன்னும் யோக்கியதை மிச்சமிருக்கிறதா என்று எனக்கே சந்தேகமாகத்தான் இருக்கிறது.

இதைப் படித்த பிறகு உனக்குச் சோழவரமே வேண்டாம் என்று தோன்றலாம். சோதித்துப் பார்க்க ஒன்றுமில்லையே என்று நினைக்கலாம். அப்படியானாலும் போ. பயந்து சோதிக்கப் போகாமல், ஆசைக்கு ஓட்டப் போ. பதினெட்டு வயசில் உன்னிடமிருந்து நான் பிடுங்கிக்கொண்டது அது.

கார் தருவேனா என்று கேட்டிருந்தாய். சாவியை இன்று காலை முனியப்பன் கையில் கொடுத்துவிட்டேன். சனிக்கிழமை நீ வந்தால் பஸ்ஸை விட்டு இறங்கி நேரே அங்கே போ. இரண்டு பேருமாகக் கிளம்புங்கள், அம்மா கட்டுச்சோறு கட்டிக் கொண்டுவந்து தருவாள். என்னைப் பார்த்துவிட்டுப் போவதா, பார்க்காமலே போவதா என்று நீ யோசித்து முடிவு செய். நான் கூப்பிடமாட்டேன். வீட்டில்தான் இருப்பேன்.

அப்பா